ஃபோம் ரோலர் உருட்டுனா பலம் ஏறுமா? பவர்லிஃப்டிங் பண்ற பொண்ணுங்க வந்து சொல்லுங்க

செக்காலை_கௌசி

எல்லாருக்கும் வணக்கம். ஊர் காரைக்குடி, 63 கிலோ கேட்டகரி. ஸ்குவாட் (தோள்ல பார் வெச்சு உக்காந்து எந்திரிக்கிறது) ரொம்ப நாளா 95 கிலோலயே உக்காந்திருக்கு, டெட்லிஃப்ட் (தரையிலேருந்து பாரைத் தூக்குறது) பரவால்ல ஏறுது. போன மீட்ல, அதாவது போட்டில, முதல் ரெண்டு அட்டெம்ப்ட்டும் டெப்த் (கீழ இறங்குற ஆழம்) பத்தலன்னு நடுவருங்க சிவப்பு லைட்டு, மூணாவதுல ரெண்டு வெள்ளை ஒரு சிவப்புன்னு தப்பிச்சேன். பகல் பூரா பேங்க்ல சேர்ல உக்காந்து வேலை, சாயங்காலம் போய் பார் கீழ நின்னா இடுப்பு கணுக்கால் எல்லாம் மரக்கட்டை மாதிரி இருக்கு.

ஜிம்ல ஒரு அண்ணன், டெய்லி அரை மணி நேரம் ஃபோம் ரோலர் (தரையில வெச்சு மேல படுத்து உருள்ற உருளை) போடு, இறுக்கம் போச்சுன்னா பலம் தானா வரும்ங்கிறாரு. இன்ஸ்டால ஒரு அக்கா, பொம்பளைங்க உடம்புக்கு ரோலிங்தான் ரகசியம்னு வீடியோ மேல வீடியோ போடுது. இன்னொருத்தி மசாஜ் கன் (தசையைத் தட்டி விடுற மெஷின்) வாங்குடி, ரோலர்லாம் பழசுங்கிறா. வீட்ல அப்பத்தா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோட நிக்கிறாக. என் கேள்வி ஒண்ணுதான், நமக்கு நாமே உருட்டித் தேச்சுக்கிறதால நிஜமாவே தூக்குற வெயிட் கூடுமா இல்ல சும்மா சுகமா இருக்குமா?

புதுவயல்_பார்பெல்

கூடும் தங்கச்சி. நான் கோச்சிங் கொடுக்கிற பொண்ணுங்க எல்லாரையும் வந்த உடனே ரோலர்லதான் படுக்க வைப்பேன். தொடை முன்பக்கம் பின்பக்கம், குளூட் (பின்புறத் தசை), கெண்டைக்கால், முதுகு, எல்லாம் முடிச்சுட்டுத்தான் பாரைத் தொடணும். ரெண்டு மாசத்துல ஸ்குவாட் 15, 20 கிலோ ஏறாத பொண்ணு கிடையாது. தசைக்குள்ள முடிச்சு முடிச்சா இருக்கும், அத உடைச்சு விட்டாத்தான் ரத்தம் ஓடும், ரத்தம் ஓடுனாத்தான் பலம்.

கண்டனூர்_ஸ்டீல்

அண்ணே, புதுசா வர்ற பொண்ணுக்கு ரெண்டு மாசத்துல 20 கிலோ ரோலர் இல்லாமலே ஏறும். நீங்க போட்ட ப்ரோக்ராமுக்குத்தான் அந்தப் பேரு போகணும், ரோலருக்கு ஏன் கொடுக்கிறீங்க. நம்ம ஊரு தேக்குக் கதவுக்குக் கீலுல எண்ணெய் விட்டா கீச்சுச் சத்தம் நிக்கும், லேசாத் திறக்கும், அதுக்காக கதவு இன்னும் கெட்டியாயிடாதுல்ல.

தேவகோட்டை_பிசியோக்கா

கௌசி, நான் பிசியோதெரபிஸ்ட், நானும் தூக்குறவதான். கேட்ட கேள்விக்கு நேர் பதில் 'இல்லை'ங்கிறதுதான்மா. ரோலர் தசையைப் பெருசாக்காது, பலத்தையும் தானா ஏத்தாது. பலம் ஏறணும்னா வெயிட்டு கொஞ்சம் கொஞ்சமாக் கூடிட்டே போகணும், அதுக்குச் சோறும் தூக்கமும் வேணும், அதுக்குக் குறுக்கு வழி கிடையாது. ஆனா ரோலர் சும்மான்னும் சொல்ல மாட்டேன், ஏன்னு சொல்றேன் கொஞ்சம் நீளமா வரும் பொறுத்துக்கோங்க.

முதல்ல இந்த முடிச்சு உடைக்கிற கதை. தொடை வெளிப்பக்கம் இருக்கிற அந்த கெட்டிப் பட்டையை வெளியிலேருந்து அமுக்கி நீட்டணும்னா அதுக்கு வேண்டிய விசை மனுஷ உடம்பு தாங்குறதுக்கு மேல. நாம ரோலர் மேல படுத்து உருள்றதுல அது கொஞ்சங்கூட நீளாது. அப்ப ஏன் உருட்டுனதும் லேசா இருக்குன்னா, அது நரம்பு பண்ற வேலை. அந்த இடத்துல வலி, இழுவை தாங்குற அளவை மூளை கொஞ்ச நேரத்துக்கு ஏத்தி வைக்குது. ஒரு கால்ல உருட்டுனா உருட்டாத கால்லயும் வலி குறையுதுன்னு பரிசோதனைல பாத்திருக்காங்க. முடிச்சு உடையறதா இருந்தா மத்த கால்ல எப்படிக் குறையும்?

2013ல கனடாவுல மெமோரியல் யூனிவர்சிட்டில பண்ணது ஒண்ணு எல்லாரும் சொல்றது. தொடை முன்பக்கம் ஒரு நிமிஷம், ரெண்டு தடவை, அவ்வளவுதான் உருட்டுனாங்க. 2 நிமிஷம் கழிச்சு முட்டி மடங்குறது 10 டிகிரி கூடிருந்துச்சு, 10 நிமிஷம் கழிச்சும் 8 டிகிரி நின்னுச்சு. தொடை பலத்தை அளந்து பாத்தாங்க, கூடவும் இல்ல குறையவும் இல்ல. இதுல ரெண்டாவது விஷயந்தான் நமக்கு முக்கியம். அசையாம ஒரே ஸ்ட்ரெச்ச ஒரு நிமிஷத்துக்கு மேல பிடிச்சு வெச்சா உடனே தூக்குறப்ப பலம் கொஞ்சம் இறங்கும், ரோலர்ல அந்த இறக்கம் இல்ல. அதனால வார்ம்அப்ல ஸ்ட்ரெச்சுக்குப் பதிலா இதை வெச்சுக்கலாம். இன்னொண்ணும் சொல்லிடறேன், அந்தப் பரிசோதனைல இருந்த 11 பேரும் ஆம்பளைங்க. இன்ஸ்டா அக்கா பொம்பளைங்களுக்கு இதான் ரகசியம்னு எதை வெச்சுச் சொல்றாங்கன்னு தெரியல.

உனக்கு இது எங்க உதவும்னா, நீ 95ல நிக்கிறது பலம் இல்லாமயா, இல்ல கீழ போக முடியாமயான்னு முதல்ல பாக்கணும். இடுப்பு மடிப்பு முட்டியோட மேல்மட்டத்துக்குக் கீழ போனாத்தான் வெள்ளை லைட்டு. கணுக்கால் மடங்கலன்னா குதிகால் தூக்கும், இல்ல நெஞ்சு முன்னாடி சாயும், ரெண்டுலயும் வெயிட்டு வீணாப் போகும். செவுத்துப் பக்கம் நில்லு, கால் பெருவிரலுக்கும் செவுத்துக்கும் 10 செண்டிமீட்டர் இடைவெளி விடு, குதிகால் தூக்காம முட்டியால செவுத்தத் தொடு. தொட்டா கணுக்கால் பெரிசாத் தடுக்கல. தொடலன்னா கெண்டைக்கால ஒரு நிமிஷம் உருட்டிட்டு மறுபடி தொட்டுப் பாரு. வித்தியாசம் வந்தா நேரா வெறும் பாரோட போய் அடி வரைக்கும் இறங்கி ரெண்டு மூணு செகண்ட் நில்லு, அப்புறம் வெயிட்டு ஏத்து. கிடைச்ச அந்தப் பத்து நிமிஷத்துக்குள்ள தூக்கணும், அங்கதான் சூட்சுமமே. உருட்டிட்டுப் போய் போன் பாத்துட்டு உக்காந்தா எல்லாம் பழைய நிலைமைக்குப் போயிடும்.

புதுவயல்_பார்பெல்

பிசியோக்கா, அப்ப வெயிட்லிஃப்டர் மீராபாய் சானு? தோள் மாட்டிக்கிச்சுன்னு அமெரிக்கா போய்த் தேச்சு விட்டு வந்துதான ரெக்கார்டு அடிச்சாங்க.

தேவகோட்டை_பிசியோக்கா

2020 கடைசில போனாங்க, ஆரோன் ஹோர்ஷிக்னு ஒரு பிசியோ, அவரே வெயிட்லிஃப்டர். 2021 ஏப்ரல்ல தாஷ்கண்ட்ல 119 கிலோ க்ளீன் அண்ட் ஜெர்க் (தோளுக்கு ஏத்தி அப்புறம் தலைக்கு மேல தூக்குறது) உலக சாதனை, அப்புறம் டோக்கியோல மொத்தம் 202 தூக்கி வெள்ளி. எல்லாம் சரி. ஆனா அங்க பண்ணது தேய்ப்பு இல்லண்ணே, வலதும் இடதும் சமமா வேலை செய்யலன்னு கண்டுபிடிச்சு அதுக்கான பயிற்சி கொடுத்தது. கை வெச்சு விடுறதும் கூட இருந்திருக்கலாம், முக்கால்வாசி வேலை பயிற்சிதான் செஞ்சது.

பள்ளத்தூர்_ஆச்சி

நான் ஐம்பது தாண்டுனவ, மாஸ்டர்ஸ் 2ல (ஐம்பதுகள்ல இருக்கிறவங்க பிரிவு) வர்றேன். எலும்பு தேயக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாக, வாக்கிங் போனு சொன்னாக, நான் ஜிம்முக்குப் போயிட்டேன். எங்க வீட்டு ஆம்பளையாளுக முதல்ல சிரிச்சாக, இப்ப அரிசி மூட்டையை நகத்தணும்னா என்னையத்தான் கூப்புடுறாக.

எனக்கு ரெண்டு சங்கதி. ஒண்ணு, ஜிம்ல ரோலர்ல குப்புறப் படுத்து உள்தொடை உருட்டுறது நம்ம ஊர்ல ஆகுற காரியமா? சுத்தி ஆம்பளப் புள்ளைக நிக்குதுக. நான் வீட்லயே வளவுல பண்ணிட்டுத்தான் கிளம்புறேன். ஆனா ஆத்தங்குடி கல்லு வழவழன்னு இருக்கு, ரோலர் ஓடிப்போயிடுது, கீழ ரப்பர் மேட்டு போட்டாத்தான் நிக்குது. ரெண்டாவது சங்கதி, கால்ல நரம்பு சுருட்டிட்டு நீலமா நிக்குது, அங்கயும் உருட்டலாமா?

தேவகோட்டை_பிசியோக்கா

ஆச்சி, சுருட்டின நரம்பு மேல உருட்டவே வேண்டாம், மசாஜ் கன்னும் வேண்டாம். அதைச் சுத்தி மேல்தொடை குளூட் எல்லாம் பண்ணுங்க. முட்டிக்குப் பின்னாடி குழி, கழுத்து முன்பக்கம், அக்குள் குழி, அடிவயிறு, இதெல்லாம் யாருமே தொடாதீங்க. ஒரு கால் கெண்டை மட்டும் திடீர்னு வீங்கி, சூடா, தொட்டா வலிச்சா அது தசைப்பிடிப்புன்னு உருட்டிடாதீங்க, ரத்தம் உறைஞ்சிருக்கலாம், நேரா ஆஸ்பத்திரி. கருத்தடை மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் பிரசவம் ஆகி கொஞ்ச நாளே ஆனவங்களுக்கும் அந்த வாய்ப்பு மத்தவங்களைவிடக் கூட, அதனாலதான் அழுத்திச் சொல்றேன்.

வீட்ல பண்ணிட்டுக் கிளம்புறீங்க பாருங்க, ஜிம் தூரம்னா வழியிலயே அதோட பலன் பாதி போயிடும். படுத்துப் பண்ண வேண்டியதை விட்டுட்டு நின்னுட்டே பண்றதை ஜிம்ல வெச்சுக்கலாம். குளூட்டுக்கும் நெஞ்சுக்கும் ஒரு பந்தைச் செவுத்துல வெச்சுச் சாஞ்சாப் போதும், கெண்டைக்காலுக்கு பெஞ்சுல உக்காந்து கட்டையால உருட்டலாம். யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

கண்டனூர்_ஸ்டீல்

பந்துன்னா எந்தப் பந்து? இங்க கடைல அந்த லாக்ரோஸ் பந்தெல்லாம் கிடைக்காது. கார்க் பால்ல ட்ரை பண்ணேன் குளூட்ல ஊமைக்காயம் ஆயிடுச்சு.

தேவகோட்டை_பிசியோக்கா

கார்க் பால் வேண்டாம் தம்பி. டென்னிஸ் பந்துல ஆரம்பிங்க, பழகுனப்புறம் கெட்டி ரப்பர் பந்து. ரோலருக்குப் பதிலா பிவிசி பைப்புல பழைய துண்டை இறுக்கிச் சுத்திக்கலாம், கெண்டைக்காலுக்குப் பூரிக்கட்டையே போதும். பத்துக்கு அஞ்சாறு வலி வரைக்கும்தான், மூச்சைப் பிடிச்சுட்டுப் பல்லைக் கடிச்சுட்டு பண்ற அளவு வலிச்சா தசை இன்னும் இறுகும். ஊமைக்காயம் ஆச்சுன்னா அது அதிகம்.

கானாடுகாத்தான்_மீனா

அக்கா நான் சிசேரியன் ஆகி பத்து மாசம் ஆகுது. திரும்ப டெட்லிஃப்ட் ஆரம்பிச்சிருக்கேன், இடுப்பு கீழ்முதுகு ரொம்பப் பிடிக்குது, ரோலர் போட்டா ரெண்டு நிமிஷம் நல்லாருக்கு அப்புறம் பழையபடி. இன்னொண்ணு கேக்கவே கூச்சமா இருக்கு, வெயிட்டு கூடும்போது லேசா யூரின் லீக் ஆகுது. அத்தைகிட்ட சொன்னா பிரசவம் ஆனா அப்படித்தான்னுட்டாங்க.

தேவகோட்டை_பிசியோக்கா

மீனா, கூச்சப்படாதம்மா, தூக்குற பொண்ணுங்கள்ல ரொம்பப் பேருக்கு இருக்கு, குழந்தை பெறாதவங்களுக்கும் இருக்கு, யாரும் சொல்றதில்ல அவ்வளவுதான். அப்படித்தான்னு விட்டுடக் கூடாது, சரியாகக் கூடியது. இடுப்புக்குழித் தசைன்னு அடியில ஒரு தளம் இருக்கு, அது தாங்குற அளவுக்கு மேல வயித்துக்குள்ள அழுத்தம் போனா ஒழுகும். பெண்கள் நலப் பிசியோ ஒருத்தரை நேர்ல பாரு, அதுவரைக்கும் லீக் ஆகாத வெயிட்டுல மட்டும் பண்ணு, தூக்கும்போது மூச்சை அடக்கிப் பிடிக்காம மெதுவா விட்டுட்டே தூக்கிப் பாரு.

கீழ்முதுகுல ரோலர் வேண்டாம், அங்க தாங்கிப் பிடிக்க விலா எலும்பு இல்ல, முதுகெலும்பு அப்படியே வளையும். ரெண்டு நிமிஷத்துல திரும்பப் பிடிக்குதுன்னா அந்தத் தசை வேற எதுக்கோ பதிலா வேலை செஞ்சுட்டிருக்கலாம். உனக்கு அது வயிறும் குளூட்டும்தான்னு நினைக்கிறேன், பாக்காம அடிச்சுச் சொல்ல மாட்டேன். தழும்பு மேல எதையும் உருட்டாத.

பள்ளத்தூர்_ஆச்சி

எங்க காலத்துல பிள்ளை பெத்தவளுக்கு எண்ணெய் போட்டு நீவி விட ஆளே வரும். அந்தம்மா கை பட்டா தூக்கம் வரும் பாருங்க. இந்தக் காலத்துல அவளே படுத்து அவளே உருள வேண்டியிருக்கு.

செக்காலை_கௌசி

ஆச்சி 😄 எங்க அப்பத்தாவும் அதான் சொல்றாக, பிளாஸ்டிக்கைப் போட்டு உருளாத, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சு வெந்நீர்ல குளின்னு. எண்ணெய் தேய்ப்பும் ரோலரும் ஒண்ணுதானா அக்கா?

தேவகோட்டை_பிசியோக்கா

பலன் கிட்டத்தட்ட ஒண்ணுதான், வலி இறங்கும், உடம்பு தளரும். எண்ணெய்க்குன்னு பலம் கூட்டுற சக்தி எதுவும் இல்ல, கை வழுக்கிட்டுப் போக அது வேணும். நேரம் மட்டும் மாத்திக்கோ. கடும் பயிற்சி முடிச்ச அன்னைக்கு ராத்திரியோ மறுநாளோ பண்ணு, தூக்குறதுக்கு முன்னாடி வேண்டாம், உடம்பு தூக்கக் கலக்கத்துக்குப் போயிடும். மீட் அன்னைக்கு எண்ணெய், தைலம், க்ரீம் எதுவுமே தடவக் கூடாது, அது ரூல்புக்லயே இருக்கு, பவுடர் மட்டும்தான் அனுமதி. தொடைல வழுக்கிட்டா டெட்லிஃப்ட் பார் தானா ஏறும்னு முன்னாடி ஆளுங்க பூசிருப்பாங்க போல.

புதுவயல்_பார்பெல்

அது சரி, அப்ப பயிற்சி முடிச்சு உருட்டுறதாவது பலன் உண்டா இல்லையா? என் பொண்ணுங்க மறுநாள் வலி கம்மியா இருக்குன்னு சத்தியம் பண்ணுதுங்க.

தேவகோட்டை_பிசியோக்கா

அதை நானும் ஒத்துக்கிறேண்ணே, உங்க பக்கம் நியாயம் இருக்கிற இடம் அதான். கால் வலி 24 மணி நேரத்துலேருந்து 72 மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்குப் போகும். முடிச்ச உடனேயும் மறுநாளும் பத்து இருபது நிமிஷம் உருட்டுனா அந்த வலி ஓரளவு இறங்குது. வலி இறங்குனா புதன்கிழமை ஸ்குவாட்டை வியாழனுக்குத் தள்ளாம பண்ணலாம், நாலு செட் பண்றவ அஞ்சாவதும் பண்ணுவா. அப்படி மாசக்கணக்குல சேர்ந்தா பலம் ஏறும், ஏத்துனது அந்த அஞ்சாவது செட். பீரியட்ஸ் டைம்லயும் அப்படித்தான், குளூட்ல பந்து, அடிமுதுகுக்கு வெந்நீர்ப் பை, அன்னைக்கு செஷனை விடாம லேசா முடிச்சுட்டு வந்தா அதுவே லாபம்.

கண்டனூர்_ஸ்டீல்

பெஞ்ச் ப்ரெஸ்ஸுக்கும் (படுத்துட்டு பாரை நெஞ்சுலேருந்து மேல தள்ளுறது) யாராவது சொல்லுங்க. என் தங்கச்சி 57 கிலோ கேட்டகரில இருக்கா, ஆர்ச்சே (முதுகு வளைவு) வர மாட்டேங்குது.

தேவகோட்டை_பிசியோக்கா

அதுக்கு ரோலர் நல்லா வேலை செய்யும். தோள்பட்டைக்கு நடுவுல ரோலர குறுக்க வெச்சு, கையத் தலைக்குப் பின்னாடி கோத்து, மெதுவாப் பின்னால வளையணும், கொஞ்சம் கொஞ்சமா மேல நகத்திக்கணும். கீழ்முதுகுக்கு இறங்கிடக் கூடாது. அப்புறம் பந்தைச் செவுத்துல வெச்சு நெஞ்சுத் தசைல தோள் பக்கமா, மார்பு மேல இல்ல. ஆனா ஆர்ச்ச மட்டும் நம்பி இருக்க வேண்டாம்னு சொல்லுங்க, 2023லேருந்து முழங்கையோட அடிப்பக்கம் தோள் மூட்டோட மேல்மட்டத்துக்காவது இறங்கணும்னு ரூல் வந்துருச்சு. பெரிய ஆர்ச்சும் அகலப் பிடியும் வெச்சு ரெண்டு இஞ்ச் மட்டும் இறக்குனவங்களுக்கெல்லாம் அதோட போச்சு.

செக்காலை_கௌசி

செவுத்து டெஸ்ட் பண்ணேன் அக்கா. வலது கால் 10ல சுலபமாத் தொடுது. இடது கால் 6க்கு மேல வரல. பூரிக்கட்டைல ஒரு நிமிஷம் உருட்டிட்டுப் பாத்தேன், அப்பவும் 6தான். காலேஜ் படிக்கும்போது ஸ்கூட்டில விழுந்து அந்தக் கணுக்கால் சுளுக்கி ரொம்ப நாள் வீங்கிருந்துச்சு, அதுவா இருக்குமோ? அப்புறம் எதுக்கும் கேட்டு வெச்சுக்கிறேன், சோர்வா வேற இருக்கு, மூணாவது செட்லயே மூச்சு வாங்குது.

தேவகோட்டை_பிசியோக்கா

உருட்டியும் துளிகூட மாறலன்னா தடுக்கிறது தசையைவிட மூட்டா இருக்க வாய்ப்பு இருக்கும்மா, பழைய சுளுக்குல அப்படி ஆகும். இழுவிசை ரப்பர் பட்டையைக் கணுக்காலுக்கு முன்னால மாட்டிப் பின்னால இழுக்க விட்டுட்டு, முட்டியை முன்னால தள்ளித் தள்ளிப் பழகு. கீழ குத்துனாப்ல வலிச்சா நிறுத்திட்டு நேர்ல காட்டு. அது வரைக்கும் குதிகால் உசந்த லிஃப்டிங் ஷூ போட்டுக்கோ, மீட்லயும் அனுமதி உண்டு, அடிப்பாகம் 5 செண்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது அவ்வளவுதான். வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு குதிகாலுக்கும் கீழ சின்ன ப்ளேட்டு வெச்சு வெறும் பாரோட இறங்கிப் பாரு, டெப்த் வந்துச்சுன்னா ஷூவுக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது. மசாஜ் கன் காசை அதுல போடு.

மூச்சு வாங்குறதுக்கு ரோலர்ல பதில் இல்ல. ஹீமோகுளோபின் பாத்தியா? நம்ம நாட்டுல 15லேருந்து 49 வயசுப் பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு தேசியக் குடும்பநல சர்வேல, 2019-21ல எடுத்தது, வந்திருக்கு. 12க்குக் கீழ இருந்தா டாக்டரப் பாத்து அதைச் சரிபண்ணு. சாப்பிட்ட உடனே டீ குடிக்கிற பழக்கம் இருந்தா விடு, இரும்புச்சத்து உடம்புல சேராது. புரதம் உன் எடைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் ஒட்டி வேணும், மத்தியானம் சோறும் குழம்பும் மட்டும் சாப்பிட்டா பாதிகூட வராது, முட்டை மீன் சுண்டல்னு ஏதாச்சும் ஒவ்வொரு வேளைலயும் இருக்கணும்.

பள்ளத்தூர்_ஆச்சி

கௌசி, முட்டையை மட்டும் நம்பாதத்தா, உளுந்தங்களியும் கிண்டித் தரச் சொல்லு அப்பத்தாகிட்ட. கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் மிதக்க.

புதுவயல்_பார்பெல்

சரி பிசியோக்கா, நான் வார்ம்அப்ப சுருக்கிடறேன், அரை மணி நேரத்துக்குப் பதிலா அவளவளுக்கு எது இறுக்கமோ அது மட்டும் ஒரு நிமிஷம், உடனே பார். முடிச்சப்புறம் உருட்டுறதை மட்டும் நான் விட மாட்டேன் சொல்லிட்டேன். கௌசி, குதிகாலுக்கு ப்ளேட்டு வெச்சு 60ல ஒரு செட் பண்ணு, போனை முட்டி உயரத்துல நேர் பக்கவாட்டுல வெச்சு எடுத்து இங்க போடு. கோணம் மாறுனா டெப்த் ஏமாத்தும். இடது குதிகால் தூக்குதா, இடுப்பு ஒரு பக்கமாச் சாயுதான்னு பின்னாலேருந்தும் ஒண்ணு எடு.

செக்காலை_கௌசி

சரிண்ணே, நாளைக்கு சாயங்காலம் எடுத்துப் போடுறேன். ரத்த டெஸ்ட்டுக்கு சனிக்கிழமை லீவு போட்டாச்சு.